டியூப் பஃபர் வந்த வாரம்

என் வீட்டுப் பாட்டு செட்டுக்கு ஒரு டியூப் பஃபர் வைக்கலாமா, வேண்டாமா என்று மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டேன். மனைவி போய்ப் பத்து மாதம் ஆகியிருந்தது. அந்த மாதிரி நேரத்தில் ஒரு மனிதன் கவலைப்பட வேண்டிய விஷயமா இது என்று சிலர் கேட்டார்கள். கேட்டவர்கள் மீது கோபப்பட்டிருக்கிறேன், அவ்வளவுதான். கோபம் எனக்கு எப்போதும் மூக்கு நுனியில்தான் இருக்கும்.

டியூப் பஃபர் என்றால் பெரிய சாதனம் ஒன்றுமில்லை. உள்ளங்கையில் உட்காரும் ஒரு டப்பா. அதன் தலையில் இரண்டு கண்ணாடிக் குழல்கள், பழைய வால்வு ரேடியோவுக்குள் மினுமினுக்குமே, அந்த மாதிரி. சிடி பிளேயரிலிருந்து ஆம்ப்ளிஃபையருக்குப் போகிற வயரை நடுவில் வெட்டி, பாட்டை இந்த டப்பா வழியாகச் சுற்றிவிட வேண்டும். சத்தம் கூடாது, குறையாது. ஆனால் வைத்தவர்கள் எல்லோரும், குரலுக்குச் சதை பிடிக்கிறது, வயலினுக்கு ஈரம் வருகிறது என்று சத்தியம் செய்கிறார்கள். எதிர்க்கட்சியும் இருக்கிறது. அவர்கள் சொல்வது, அந்தக் குழல்கள் பாட்டில் கொஞ்சம் பிழையைத்தான் சேர்க்கின்றன, அந்தப் பிழை காதுக்கு இதமாக இருப்பதால் நாம் ஏமாந்துபோகிறோம் என்று. இரண்டு கட்சியும் யூடியூபில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சண்டை போட்டார்கள். நான் அடியில் ஓடுகிற எழுத்தைப் படித்துக்கொண்டே அத்தனையையும் பார்த்தேன்.

எனக்கு வேண்டியிருந்ததும் அந்த ஈரம்தான். அவள் போனதிலிருந்து எந்தப் பாட்டைப் போட்டாலும் சக்கையாகக் கேட்டது. பாடுகிறவர் வாய்க்குள் எதையோ மென்றுகொண்டு பாடுகிற மாதிரி இருந்தது. வார்த்தைகள் கரைந்துபோயின. கீச்சுச் சத்தத்தைக் கூட்டுகிற ட்ரபிள் குமிழை முழுசாகத் திருகி வைத்திருந்தும் பயனில்லை. ஸ்பீக்கர் வயரை மாற்றினேன். ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்தேன். பிறகு கிட்டே வைத்தேன். செட்டில்தான் கோளாறு என்பதில் எனக்கு மட்டும் சந்தேகமே வரவில்லை. சத்தத்தைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்பது என் எண்ணம். அதற்குக் காரணம் என் வேலை.

சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் சாம்பிள் பார்ப்பவனாக முப்பது வருடத்துக்கு மேல் இருந்தேன். ஒவ்வொரு லாட்டிலிருந்தும் நாலைந்து வெடியை எடுத்து, கம்பெனிக்குப் பின்னால் வேலிக்கருவை மண்டிய பொட்டலில் வைத்து வெடித்துப் பார்க்க வேண்டும். கம்பி மத்தாப்பு, சாட்டை எல்லாம் கண்ணுக்கு. வெடி மட்டும் காதுக்கு. வெடித்து முடித்ததும் காதுக்குள் கொய்ங் என்று ஒரு சத்தம் நிற்கும் அல்லவா, அதுதான் என் அளவுகோல். மனசுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணுவேன். அறுபது எண்ணும்வரை கொய்ங் நின்றால் சரக்கு பாஸ். முப்பதுக்குள் அடங்கிப்போனால் மருந்து நமுத்திருக்கிறது என்று அர்த்தம். பிற்பாடு டெசிபல் மீட்டர் வந்தது. முக்காலியில் அதை நிறுத்தி, அதிலுள்ள எண்ணை ஒருவன் நோட்டில் எழுதுவான். முதலாளி மீட்டரைப் பார்த்துவிட்டு, கடைசியாக என் முகத்தைப் பார்ப்பார். நான் தாடையைத் தூக்கினால்தான் லோடு ஏறும். சீசன் நேரத்தில் சாத்தூரிலிருந்துகூட என்னை வண்டி வைத்துக் கூட்டிப்போயிருக்கிறார்கள்.

காதில் பஞ்சு வைத்துக்கொள்ளச் சொல்லிக் கம்பெனியில் டப்பா டப்பாவாக வாங்கிப் போட்டிருந்தார்கள். நான் தொட்டதில்லை. யாராவது வைத்துக்கொண்டு வந்தால், "வாயக் கட்டிக்கிட்டு உப்புப் பாப்பியாலே?" என்று கேட்பேன். பொட்டலே சிரிக்கும்.

வருடம் போகப் போக என் எண்ணிக்கை ஏறிக்கொண்டே வந்தது. அறுபதில் நின்றது தொண்ணூறு ஆனது, நூற்றைம்பது ஆனது. நான் முதலாளியிடம் போய், "இப்பல்லாம் நம்ம சரக்கு முன்ன மாதிரி இல்ல முதலாளி, ஒண்ணொண்ணும் அம்புட்டுத் தரம்" என்று சொன்னேன். அவர் சந்தோஷப்பட்டு அந்தத் தீபாவளிக்கு எனக்கு ஒரு செட் பட்டு வேட்டி எடுத்துக் கொடுத்தார். கடைசி நாலைந்து வருடத்தில் எண்ண வேண்டிய அவசியமே இல்லாமல் போனது. கொய்ங் நிற்கவே இல்லை. தூங்கும்போதும் இருந்தது, சாப்பிடும்போதும் இருந்தது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

என் மனைவி மெல்லப் பேசுகிறவள். திருத்தங்கலில் ஒரு அச்சகத்தில் பில் போடும் வேலையில் இருந்தாள். மெஷின் ஓடுகிற இடத்தில் எல்லோரும் தொண்டை கிழியக் கத்துவார்கள், இவள் மட்டும் எழுந்து பக்கத்தில் போய்ப் பேசுவாளாம். நான் ஓய்வு பெற்றபின் சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டில் பாட்டுக் கச்சேரி. செட்டை நான் போடுவேன். அவள் சாமி அலமாரியில் விளக்கேற்றிவிட்டு, அங்கிருக்கும் திரிப் பஞ்சு பாக்கெட்டிலிருந்து இரண்டு துணுக்கு கிள்ளுவாள். பிறகு மறுநாளைக்கான சீனி அவரைக்காயையோ வெண்டைக்காயையோ தாம்பாளத்தில் வைத்துக்கொண்டு எனக்கு எதிரே வந்து உட்காருவாள். பக்கத்தில் இல்லை, எதிரே. நான் பாட்டுக்கு நடுவில், "என்ன சொல்றான்? என்ன சொல்றான்?" என்று கேட்பேன். அவள் அரிவாள்மனையிலிருந்து தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்த்து அந்த வரியைச் சொல்லுவாள். அலுத்துக்கொண்டதே இல்லை. பன்னிரண்டு வருடம் அப்படித்தான் நான் பாட்டுக் கேட்டேன். அவள் உதட்டைப் பார்த்துத்தான் நான் கேட்டுக்கொண்டிருந்தேன் என்பது அப்போது எனக்கே தெரியாது.

இனி சொல்லப்போவதை, நடந்த நாளிலிருந்து பதினோரு மாதம் நான் ஒருவரிடமும் சொல்லவில்லை.

மதுரையில் ஆஸ்பத்திரியில் கடைசி நாள் சாயங்காலம். மூக்கையும் வாயையும் சேர்த்து ஆக்ஸிஜன் மாஸ்க் போட்டிருந்தார்கள். கட்டிலுக்கு ஒரு பக்கம் நான், மறுபக்கம் மகள். எங்களுக்கு ஒரே பிள்ளை அவள்தான், விருதுநகரில் பள்ளிக்கூட டீச்சர். மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள். சின்னப் பேச்சு இல்லை, மூச்சு வாங்கி வாங்கி நாலைந்து வாக்கியம் இருக்கும். மாஸ்க் உள்ளே ஆவி படிவதும் கலைவதுமாக இருந்தது. உதடு எனக்குத் தெரியவில்லை. மெஷின் ஓடுகிற சத்தம் ஒரு பக்கம், என் காதுக்குள் இருக்கும் கொய்ங் ஒரு பக்கம். அவள் பேசியதில் ஒரு எழுத்துகூட என் காதில் விழவில்லை.

"கேக்கல" என்று சொல்லியிருக்கலாம். மகளைப் பார்த்து, "அம்மா என்ன சொல்றா?" என்று கேட்டிருக்கலாம். அந்த நிலைமையில் அவளை இன்னொரு தடவை பேச வைக்க எனக்கு மனசு வரவில்லை. பாதி அதுதான் காரணம். மீதிப் பாதி, காது கேட்கவில்லை என்று என் வாயால் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. ஊருக்கே சத்தம் பார்த்துச் சொன்னவன் நான். அவள் பேசி முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். பலமாக, இரண்டு மூன்று தடவை ஆட்டினேன். அவள் முகம் தெளிந்தது. மறுநாள் விடியும்போது போய்விட்டாள்.

அவள் கடைசியாக என்னிடம் எதையோ கேட்டாள், நான் சரி என்றேன், என்ன கேட்டாள் என்பது எனக்குத் தெரியாது. இதை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் எப்படிச் சோறு தின்பான்? நான் தின்றேன்.

காரியம் முடிந்த மறுமாதம் மகள் கேட்டாள். "அம்மாட்ட ஒத்துக்கிட்டீகளேப்பா, எப்பச் செய்யப் போறீக?"

நான் பூசி மெழுகினேன். "ஆகட்டும் தாயி, செய்வோம்."

அடுத்த மாதமும் கேட்டாள். அதற்கடுத்தும் கேட்டாள். "ஆகட்டும்" என்பதைத் தவிர வேறு வார்த்தை என்னிடம் இல்லை. நகையைப் பற்றியா, வீட்டை மகள் பேருக்கு எழுதச் சொன்னாளா, என்ன எழவு என்று உள்ளுக்குள் புழுங்கினேன். ஒருநாள் பளிச்சென்று ஒன்று தோன்றியது. அவள் உடம்புக்கு முடியாமல் படுத்தபோது இருக்கன்குடி மாரியம்மனுக்கு ஏதோ நேர்ந்துகொண்டதாகச் சொன்னது ஞாபகம் வந்தது. அதுதான், அதேதான் என்று முடிவு கட்டிவிட்டேன். யாரிடமும் சொல்லாமல் சாத்தூர் போய், பஸ் மாறி இருக்கன்குடியில் இறங்கி மொட்டை போட்டேன். மாவிளக்கும் எடுத்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை மகள் வந்து என் தலையைப் பார்த்துத் திகைத்து நின்றாள்.

"இது எதுக்குப்பா?"

"எல்லாம் அம்மா சொன்னதுக்குத்தான்" என்றேன், பெருமையாக.

அவள் கண்ணில் நீர் முட்டியது. மகள் நெகிழ்ந்துவிட்டாள் என்று நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அன்று அவள் சாப்பிடாமல் பஸ் ஏறிப் போனாள். அதன் பிறகு கேட்பதை நிறுத்திவிட்டாள். ஞாயிறு தவறாமல் வருவாள், குழம்பை ஃபிரிட்ஜில் வைப்பாள், வீட்டைக் கூட்டுவாள், போய்விடுவாள். என்னிடம் இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசுவதில்லை. இருந்த ஒருத்தியும் என்னை விட்டு நகர்ந்துகொண்டிருந்தாள், ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் வழியில்லை. கேட்டால் ஆஸ்பத்திரியில் ஆட்டிய தலையின் பொய் வெளியே வந்துவிடும்.

அந்த வெறுமையில்தான் டியூப் பஃபர் என் மண்டைக்குள் புகுந்தது.

விருதுநகரில் எனக்கு ஒரு சிநேகிதர் உண்டு. ரேடியோ, டிவி, ஆம்ப்ளிஃபையர் எல்லாம் பழுது பார்க்கிற கடை வைத்திருக்கிறார். எனக்கு அவர் பாய், அவருக்கு நான் அண்ணாச்சி. இருபது வருடப் பழக்கம். என் செட்டில் இருக்கிற முக்கால்வாசி சாமான் அவர் கை பட்டதுதான். போனில் விஷயத்தைச் சொன்னதும், எப்போதும் உரக்கப் பேசுகிற அவர் உடனே உற்சாகப்படவில்லை.

"பஃபர் வச்சா நல்லாத்தான் இருக்கும். ஆனா இல்லாததை அது கொண்டாந்து வைக்காது அண்ணாச்சி. இருக்குறதைக் கொஞ்சம் மெருகேத்தும், அம்புட்டுத்தான்."

"அதெல்லாம் எனக்குத் தெரியும். கொண்டாங்க" என்றேன்.

"நானே ஒண்ணு அசெம்பிள் பண்ணி வச்சிருக்கேன். ஒரு வாரம் வச்சுக் கேளுங்க. பிடிச்சா பாத்துக்கலாம்."

திங்கட்கிழமை பைக்கில் கொண்டுவந்தார். மாட்டுவதற்கு முன்னால் ஒரு பாட்டைப் போடச் சொன்னார். போட்டேன். மனுஷன் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "என்ன அண்ணாச்சி, ட்ரபிள இம்புட்டு வச்சிருக்கீக! காதக் கிழிக்குதே!" என்று குமிழில் கை வைக்கப் போனார். நான் விடவில்லை. "அது என் அளவு பாய். அதத் தொடாதீக" என்று வெடுக்கென்று சொன்னேன். அவர் கையை எடுத்துக்கொண்டார்.

டப்பாவை மாட்டினார். இரண்டு குழலும் மெல்லச் சூடேறி ஆரஞ்சு நிறத்தில் கனிந்தன. மனைவிக்குப் பிடித்த பாட்டைப் போட்டேன். மெதுவான பாட்டு, நடுவில் புல்லாங்குழல் வரும். கண்ணை மூடிக்கொண்டேன். வித்தியாசம் தெரிந்ததா? சத்தியமாக இப்போது சொல்ல முடியவில்லை. ஆனால் அன்று, "வந்துருச்சு பாய், ஈரம் வந்துருச்சு" என்றேன். எனக்கு அது வந்தாக வேண்டியிருந்தது. பாய் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

அந்த வாரம் முழுக்க நான் செட்டை அணைக்கவே இல்லை. மகளுக்கு ஃபோன் போட்டு, "பாட்டு இப்ப எப்படி இருக்கு தெரியுமா?" என்று அளந்தேன். அவள் சரி என்று வைத்துவிட்டாள். வியாழனுக்கு மேல் ஒன்றிரண்டு மாற்றங்கள் கண்ணில் பட்டன. அடுத்த வீட்டுக்காரம்மா எங்கள் பக்கத்து ஜன்னலைச் சாத்தியே வைத்திருந்தார், வெயிலுக்குத்தான் என்று நினைத்தேன். மத்தியானம் எங்கள் மதிலில் வந்து படுக்கும் பூனையைக் காணோம். தெருவில் கிரிக்கெட் ஆடுகிற பிள்ளைகள் என் வாசலைத் தாண்டும்போது காதைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். ஏதோ விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துக் கையாட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை மகள் வந்தாள். கேட்டைத் திறந்தவள் அங்கேயே பையைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் காதை மூடிக்கொண்டாள். நான் புன்னகையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

"எம்புட்டு நேரமாப்பா இது கத்துது?"

"எது?"

"இந்த விசிலு!"

"விசிலா? அது பாட்டுல வர்ற புல்லாங்குழல் தாயி."

அவள் விறுவிறுவென்று வந்து சிடி பிளேயரை அணைத்தாள். பாட்டு நின்றது. என்னைப் பார்த்தாள். "இப்ப?"

"இப்ப என்ன? பாட்ட நிறுத்திட்டே."

"பாட்ட நிறுத்திட்டேன்பா. விசில் நிக்கல."

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. எப்போதும் இருக்கும் கொய்ங் மட்டும் இருந்தது. மகள் வேடிக்கை காட்டுகிறாளோ என்றுகூட நினைத்தேன். அவள் வாசலில் போய் நின்று பாய்க்கு ஃபோன் செய்தாள். ஒரு மணி நேரத்தில் அவர் வந்துவிட்டார். வாசல்படியிலேயே அவர் கையும் காதுக்குப் போனது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பொட்டலில் வெடி புஸ் என்று போனால் வேலையாட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள், அந்தப் பார்வையை நான் முப்பது வருடம் பார்த்திருக்கிறேன்.

"டப்பாவோட கரண்ட் சப்ளையில ஏதோ போயிருச்சு அண்ணாச்சி. என் தப்புத்தான். எத்தன நாளா இப்படி ஓடுது?" என்றார். எனக்கு எப்படித் தெரியும்? அவர் ப்ளக்கைப் பிடுங்கினார். அந்த நொடியில் அவர் தோளும் மகள் தோளும் தளர்ந்து இறங்கின. எனக்கு எந்த மாற்றமும் இல்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஜன்னலும் பூனையும் பிள்ளைகளும் வரிசையாக வந்து முன்னால் நின்றன.

மகளுக்குப் பத்து மாதக் கோபமும் உடைந்துகொண்டு வந்தது. "இதுக்குத்தானப்பா அம்மா கடைசியா உங்ககிட்ட அம்புட்டுக் கெஞ்சுனாக! தலைய ஆட்டி ஆட்டி ஒத்துக்கிட்டீக. மூணு தடவ கேட்டேன், ஆகட்டும் ஆகட்டும்னீக. அப்புறம் போயி மொட்டையப் போட்டுட்டு வந்து, அம்மா சொன்னதுக்குத்தான்னு எங்கிட்டயே சொல்றீக. செத்துப்போன மனுசிகிட்டக் கொடுத்த வாக்க வச்சு வெளையாடுறதுக்கு எப்படிப்பா மனசு வந்துச்சு?"

நாக்கு நுனியில் அப்போதும் ஒரு "ஆகட்டும்" தயாராக இருந்தது. அதைச் சொல்லியிருந்தால் அவள் பையை எடுத்துக்கொண்டு போயிருப்பாள். அடுத்த ஞாயிறு வந்திருப்பாளா என்பது சந்தேகம்தான்.

"எனக்குக் கேக்கல தாயி" என்றேன்.

"எது?"

"அம்மா சொன்னது. ஒரு வார்த்தகூடக் கேக்கல. சும்மா தலைய ஆட்டுனேன்."

பாய் டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு, பைக்கைப் பார்க்க வேண்டும் என்று முணுமுணுத்துவிட்டு வெளியே போய்விட்டார். மகள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வெகுநேரம் அழுதாள். நானும் அழுதேன். பிறகு தலையைக் குனிந்தபடியே ஏதோ சொன்னாள். அம்மா சொன்னதைத்தான் சொல்கிறாள் என்று தெரிந்தது. அம்மா மாதிரியே மெல்லச் சொன்னாள்.

"கேக்கல தாயி" என்றேன். வெட்கப்படாமல் நான் அந்த வார்த்தையைச் சொன்னது அன்றுதான்.

அவள் எழுந்து வந்து என் காதருகே வாயை வைத்தாள். கத்தினாள். தொண்டை கமறக் கமறக் கத்தினாள்.

"காதக் காட்டிருங்கன்னு சொன்னாகப்பா! 'இம்புட்டு நாளும் நான் எதுத்தாப்புல இருந்து எடுத்து எடுத்துச் சொல்லிட்டேன். இனி யாரு சொல்லுவா? நாளைக்கு இவ வந்து பேசுனா உங்களுக்குக் கேக்கணும். பிள்ளை பேசுறது கேக்காம நீங்க தனியாப் போயிருவீக. ஒரு மாசத்துக்குள்ள டாக்டர்ட்டப் போயிக் காட்டிருங்க, சரியா?' அப்படின்னு கேட்டாக. நீங்க தலையாட்டுனீக. அதப் பாத்துட்டு நிம்மதியாக் கண்ண மூடுனாக!"

மனைவி மாஸ்க்குக்குள் ரகசியமாகச் சொன்னதை மகள் தெருவுக்கே கேட்கும்படி கத்த வேண்டியிருந்தது. அடுத்த வீட்டு ஜன்னல் திறந்திருந்தது. திறந்திருக்கட்டும் என்று இருந்தேன். எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

அந்த வாரமே மகள் விருதுநகரில் காது சோதிக்கிற இடத்துக்குக் கூட்டிப்போனாள். கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறையில் என்னை உட்கார வைத்து, காதில் ஹெட்ஃபோனை மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். அழுத்தினேன். கொஞ்ச நேரத்தில் சத்தம் வருவது நின்றுபோனது. சோதனை முடிந்துவிட்டது போல என்று சும்மா உட்கார்ந்திருந்தேன். வெளியே சோதனை செய்கிற பெண் மெஷினில் ஒவ்வொரு பட்டனாக அழுத்திக்கொண்டிருந்தாள் என்று மகள் பிறகு சொன்னாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மகள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றதை மட்டும் பார்த்தேன்.

"காதுக்குள்ள இரைச்சல் இருக்கா சார்?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"அது எப்பவும் இருக்கும்மா. எங்க சரக்கு நல்ல சரக்கு" என்றேன். அவளுக்குப் புரியவில்லை.

காதுக்குப் பின்னால் மாட்டுகிற மெஷின் வந்து, மகள் துணைக்கு வர, வீட்டுக்குத் திரும்பிய சாயங்காலம் செட்டைப் போட்டேன். குமிழ்கள் எல்லாம் நான் வைத்தபடியே இருந்தன. அதே பாட்டு. பாட்டா அது? தகரத்தை ஆணியால் கீறுகிற சத்தம். புல்லாங்குழல் வந்ததும் பல் கூசியது. பல்லவி முடிவதற்குள் ஓடிப்போய் அணைத்தேன். ட்ரபிள் குமிழைப் பார்த்தேன். முழுசாகத் திருகியிருந்தது. பன்னிரண்டு வருடமாக, ஒவ்வொரு சாயங்காலமும், ஆறு மணியிலிருந்து ஏழரை வரை.

சாமி அலமாரியில் திரிப் பஞ்சு பாக்கெட் பாதி காலியாகி அப்படியே இருந்தது. அதை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். மகள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மா சாயந்தரம் பாட்டுக்கு முன்னாடி இதுல ரெண்டு துணுக்குக் கிள்ளுவாளே, விளக்குக்குத்தானே?"

அவள் நறுக்குவதை நிறுத்தினாள். "விளக்குத் திரிய அம்மா வெள்ளிக்கிழமையே மொத்தமாத் திரிச்சு வச்சிருவாகப்பா" என்றாள். அப்புறம் வெண்டைக்காய்ப் பிசுக்கு ஒட்டிய இரண்டு விரலை எடுத்துத் தன் இரண்டு காதிலும் வைத்துக் காட்டினாள். கத்தாமல்தான் சொன்னாள். எனக்குக் கேட்டது.

பஃபரை அந்த ஞாயிறே பாய் எடுத்துக்கொண்டு போய்விட்டதால் அது வேண்டுமா, வேண்டாமா என்ற கேள்வி இப்போது இல்லை. ட்ரபிளை நடுவில் கொண்டுவந்து நிறுத்தினேன். சத்தத்தைப் பாதியாகக் குறைத்தேன். என் நாற்காலியை விட்டுவிட்டு, அவள் தாம்பாளம் வைத்து உட்காரும் இடத்தில் போய்த் தரையில் உட்கார்ந்து, பாட்டை முதலிலிருந்து போட்டேன். ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகக் கேட்டது. எடுத்துச் சொல்ல ஆள் தேவைப்படவில்லை.